கையெழுத்து இல்லாத விண்ணப்பம்

சூரிச் நகரத்து ஓர்லிகோன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் அன்று வரிசை நீளமில்லை. சரணியாவின் முறை வந்ததும், அவள் டொக்டர் எழுதிய துண்டை நீட்டினாள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற மேர்சி உள்ளே போய் வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து வைத்து, விலையைச் சொல்லி, காசா கார்டா என்று ஜெர்மனில் கேட்டாள். சரணியா கைப்பையைத் துழாவினாள். கார்டை வீட்டில் மறந்துவிட்டேன், நாளைக்கு வருகிறேன் என்றாள், அவளும் ஜெர்மனில்தான்.

கார்டு பைக்குள்தான் இருந்தது. மாத முடிவு வரை டிராமுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் காசு அதில் இருந்தது, மருந்துக்குரியது இல்லை. அவள் இப்படிக் கார்டை மறப்பது இது மூன்றாவது தடவை.

இரண்டு பேரும் தமிழ்ப் பெண்கள். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு இந்த நாட்டிலே பிறந்தவர்கள். ஆனாலும் அந்த மேசையில் ஜெர்மனில் கதைப்பதுதான் சரணியாவுக்கு வசதியாக இருந்தது. தமிழில் ஒரு வார்த்தை கதைத்தால் அடுத்த கேள்வி "நீங்கள் ஆற்ற மகள்?" என்று, யாருடைய பிள்ளை என்று விசாரித்து வரும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர்லிகோனில் ஒருவர் தும்மினால் ஆரா நகரில் இருக்கும் மாமிக்கு மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

சரணியாவுக்கு இருபத்தொரு வயது. சூரிச் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் வருடம். சின்ன வயதில் அவளுக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, இருந்தது. பன்னிரண்டு வயதில் விட்டுப்போனது. விட்டுப்போன வருத்தம் பத்தொன்பது வயதில் திரும்பி வந்தது. நெஞ்சு இறுகி மூச்சு முட்டும். காலையும் மாலையும் இரண்டிரண்டு தரம் மூச்சு மருந்துப் பம்ப் இழுக்க வேண்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். செப்டம்பரிலிருந்து அவள் காலையில் ஒரு தரம் மட்டுமே இழுத்தாள். பம்பின் பின்பக்கத்தில் இன்னும் எத்தனை தரம் இழுக்கலாம் என்று காட்டும் ஒரு சின்ன இலக்கம் இருக்கும். அது இறங்குவதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குப் பாதி மூச்சு போயிற்று.

மருத்துவக் காப்புறுதி இல்லாத ஆள் சுவிஸில் இல்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளுக்கும் இருந்தது. ஆனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் முதலில் வரும் செலவை நாங்களே கட்ட வேண்டும், அந்த எல்லை தாண்டிய பிறகுதான் கிராங்கன்காஸ என்னும் காப்புறுதி நிறுவனம் கொடுக்கத் தொடங்கும். அந்த எல்லையை "பிராஞ்சீஸ்" என்பார்கள். எல்லையை உயரத்தில் வைத்தால் மாதக் கட்டணம் குறையும். சரணியாவின் அப்பா ஜெகதீஸ்வரன் தொய்வு திரும்பும் முன்பே அதை ஆக உயரத்தில் வைத்து அப்படியே விட்டிருந்தார். இளம் பிள்ளை, வருத்தம் ஒன்றுமில்லை, எதற்கு வீணாகக் கட்டுவான் என்பது அப்போது அவர் எண்ணம். அதனால் பம்ப், டொக்டர், நெஞ்சுப் பரிசோதனை எல்லாம் அவள் கையிலிருந்தே போயின. சனிக்கிழமைகளில் ஒரு பேக்கரியில் நின்று உழைப்பது அதற்குக் காணாது. வீட்டில் கேட்டிருக்கலாம். அப்பா ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை, அம்மா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை, தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில். யாருடைய சாப்பாட்டிலிருந்து கேட்பது என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள். தொய்வு திரும்பி வந்தது வீட்டுக்குத் தெரியும். அது மருந்தோடு அடங்கியிருக்கிறது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

மேர்சி பெட்டியைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை. பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டாள்.

"கார்ட் மறக்கிற ஆள் மாதிரி உன்னைப் பார்க்கத் தெரியேல்லை. எத்தினை தரம் இழுக்கிறனி?"

சரணியா கைப்பையை மூடினாள்.

"இது ஒரு மாதத்துக்குரியது. நீ கடைசியா எடுத்தது ஓகஸ்டில. கொம்ப்யூட்டர்ல தெரியுது. பயப்பிடாத, நான் ஒருத்தருக்கும் சொல்லேலாது. சொன்னால் என்ர வேலை போயிடும்."

"பிறகு எடுக்கிறன் அக்கா."

"உங்கட யூனியில சோசியால்பெராட்டுங் எண்டு ஒரு இடம் இருக்கு. மாணவருக்கு இப்பிடியான செலவுக்கு உதவி செய்வினம். போய்க் கேள்."

அந்தச் சொல்லின் முதல் பாதியிலேயே சரணியாவுக்கு உடம்பு கூசியது. அரசாங்கம் கொடுக்கும் சமூக உதவியைத்தான் 'சோசல்' என்பார்கள், வீட்டில் அது கெட்ட வார்த்தை. "சோசல்ல காசு எடுக்கிறவை" என்று அப்பா சொல்லும்போது அவர் குரலில் வரும் ஏளனத்தைக் கேட்டே அவள் வளர்ந்தவள். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். போகும் எண்ணம் அவளுக்கு இல்லை.

எண்ணத்தை மாற்றியது அவளுடைய நெஞ்சுதான். நவம்பர் மாதம், அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் நல்ல பனிப்புகார். பத்தாம் இலக்க டிராமில் வந்து பல்கலைக்கழகத்தின் இர்கெல் வளாகத்தில் இறங்கி, வகுப்புக்குப் பிந்திவிட்டதே என்று மேட்டில் வேகமாக ஏறினாள். பாதியில் மூச்சு நின்றது. உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விட முடியவில்லை. அவசரத்துக்கு வைத்திருக்கும் நீலப் பம்பை இழுத்துக்கொண்டு ஈரப் படியில் இருந்தாள். யாரோ ஒரு மாணவன் அம்புலன்ஸுக்கு அடிக்கவா என்று கேட்டான். வேண்டாம் என்று கையால் காட்டினாள். அம்புலன்ஸுக்கும் காசு கட்ட வேண்டும் என்பதுதான் அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடியது. மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை பில்லைப் பற்றி யோசிக்கிறாள் என்றால், அந்தப் பிள்ளையின் மீது பிழையில்லை, பிழை வேறெங்கோ இருக்கிறது.

மூச்சு வந்த பிறகு அவள் வகுப்புக்குப் போகவில்லை. நேரே அந்த உதவி அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே இருந்த ஹூக் அம்மா நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். கேள்வி கேட்பதற்கு முன் தண்ணீர் கொடுத்தார். பிறகு மூன்று விஷயம் சொன்னார். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு மாதக் காப்புறுதிக் கட்டணத்தில் அரசு கழிவு தருகிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம். கழிவு வந்தால் பிராஞ்சீஸைக் கீழே இறக்கலாம், ஆனால் அதை நவம்பர் முடியுமுன் கிராங்கன்காஸவுக்கு அறிவிக்க வேண்டும், தவறினால் இன்னொரு முழு வருடம் இப்படியேதான். ஜனவரி வரைக்கும் மருந்துச் செலவைப் பல்கலைக்கழக நிதியிலிருந்து கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் பெற்றோரின் வரிப் பத்திரத்தின் பிரதியும், வருமானம் பற்றிய தாளில் அப்பாவின் கையெழுத்தும் வேண்டும்.

"இது சோசல் காசா?" என்று சரணியா கேட்டாள். "என்ர அப்பா அம்மா சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பிச்சிருக்கினம். அதுக்கு இடைஞ்சல் வருமா?" இதை அவள் ஜெர்மனில்தான் கேட்டாள், ஆனால் கேள்வி அப்பாவுடையது.

இல்லை, இரண்டும் வேறு என்றார் ஹூக் அம்மா. கழிவு எடுப்பதைச் சமூக உதவியாகக் கணக்கெடுப்பதில்லை, நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் எடுக்கின்றன, சுவிஸ்காரர்களும் எடுக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினார்.

அன்று மாலை ஜெகதீஸ்வரன் வேலையால் வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சரணியா தாளை அவர் முன்னால் வைத்தாள். படியில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டு முதல் வரியை வாசித்தார். பிறகு தாளை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

"இது வேண்டாம் பிள்ளை."

"அப்பா, இது சோசல் இல்லை. அவ வடிவா விளங்கப்படுத்தினவ."

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம். பிறகு கொம்ப்யூட்டர்ல நிக்கும். மூண்டு தரம் எழுதி இப்பதான் ஜெர்மன் சோதினை பாஸ் பண்ணினனான். இன்டர்வியூவில 'நீ கை நீட்டின ஆளோ' எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? வசந்தத்திலயும் இப்பிடி ஒண்டு வந்தது. கழிவு தாறமாம். பழைய பேப்பரோட கட்டி வெளியில வைச்சிட்டன்."

"வந்ததோ? எங்களுக்கு வந்ததை எறிஞ்சனீங்களோ?"

"ஓம்."

அம்மா கஜலக்சுமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "மருந்துக்குக் காசு காணாதோ பிள்ளை? நான் தாறன்." எங்கிருந்து தருவார் என்பது மூன்று பேருக்கும் தெரியும். ஆகவே யாரும் அதைக் கேட்கவில்லை.

ஜெகதீஸ்வரனைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் இருபத்திரண்டு வயதில் அகதியாக வந்து ஆராவில் ஒரு முகாமில் இருந்தவர். அப்போது சோசல் காசில்தான் சாப்பாடு. ஒருநாள் அவர் நண்பன் கொடுத்த புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போக, அலுவலகத்தில் இருந்தவர் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்து, இது எப்படி வந்தது என்று கேட்டார். கொடுத்தவனைக் கூட்டிவந்து காட்டும் வரை அந்த மாதக் காசு நின்றது. இனி ஒரு மேசைக்கு முன்னாலும் நிற்க மாட்டேன் என்று அன்று அவர் எடுத்த முடிவு. முப்பது வருடமாக அதைக் காப்பாற்றி வந்தார். காப்பாற்றியதன் விலையை மகள் மூச்சால் கட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

தாள் மேசையிலேயே கிடந்தது. யாரும் எடுத்து வைக்கவுமில்லை, எறியவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில், சுவிஸில் இருக்கும் ஊர்க்காரர் சேர்ந்து நடத்தும் ஊர்ச் சங்கத்தின் நிர்வாகக் கூட்டம். தலைவர் தவராஜா வந்தார். ஜெகதீஸ்வரன் பொருளாளர். செயலாளர் பரமேஸ்வரி ரெனானிலிருந்து ரயிலில் வருவதால் பிந்துவார் என்று, கூட்டக் குறிப்பு எழுதச் சரணியாவை இருத்தினார்கள். அவளுக்குத் தமிழ் எழுத்து நல்லது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தவள். சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூட்டத்தில் சொன்னது எல்லாம் குறிப்பில் வர வேண்டும், அந்தக் குறிப்பை ஜனவரிப் பொதுக்கூட்டத்தில் மண்டபத்தில் எல்லாருக்கும் சத்தமாக வாசிக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவரே ஜெகதீஸ்வரன்தான்.

அன்றைய விடயம் மருந்து உதவித் திட்டம். ஊரிலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வசதியில்லாத பிள்ளைகளுக்கு, ஆஸ்பத்திரியில் இல்லாமல் வெளியில் வாங்க வேண்டிய மருந்துக்குச் சங்கம் உதவுகிறது. அதுவும் ஜெகதீஸ்வரனின் யோசனை. ஏழு விண்ணப்பங்கள் வந்திருந்தன. ஆறு பிரச்சினையில்லாமல் முடிந்தன. ஏழாவதைத் தவராஜா கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"இது பானுஜன் எண்டு ஒரு பெடியன். வலிப்பு வருத்தம். தகப்பன்ர கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாட்டி எடுக்கிறேல்லை எண்டு எங்கட விதி."

"ஏனாம் இல்லை?" என்றார் ஜெகதீஸ்வரன்.

தவராஜா கடிதத்தை வாசித்தார். காலையும் மாலையும் போட வேண்டிய குளிசையைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன் என்று அந்தப் பையன் எழுதியிருந்தான். அப்பா மேசன் வேலை. வெளிநாட்டுக்காரரிடம் கை நீட்டினால் ஊர் கதைக்கும் என்று கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். அப்பாவுக்குத் தெரியாமல்தான் இதை அனுப்புகிறேன், மன்னிக்கவும், என்று முடித்திருந்தான்.

சரணியாவின் பேனா நின்றது.

"விதி விதிதான் ஜெகன்," என்றார் தவராஜா. "நாளைக்குத் தகப்பன் வந்து, என்னைக் கேளாமல் ஆர் குடுத்தது எண்டால்?"

"என்னண்ணை கதைக்கிறியள்?" ஜெகதீஸ்வரனுக்குக் குரல் ஏறியது. "பிள்ளை குளிசையைப் பாதியா உடைச்சுப் போடுறான். வகுப்பில விழுந்து தலை அடிபட்டால் ஆர் பொறுப்பு? அந்த மனுசனுக்குப் பிள்ளையின்ர உயிரைவிட ஊர்க்கதை பெரிசோ? தகப்பன்ர வீம்புக்குப் பிள்ளை என்ன செய்யும்? கையெழுத்தும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். குடுங்கோ. நான் பொறுப்பு."

தவராஜா யோசித்தார். சரி என்றார். ஜெகதீஸ்வரன் மகள் பக்கம் திரும்பினார். "எழுதினியோ பிள்ளை?"

"எழுதுறன் அப்பா." சரணியா தலையை நிமிர்த்தவில்லை. "'பிள்ளையின்ர உயிரைவிட ஊர்க்கதை பெரிசோ' எண்டதையும் எழுதவோ? தகப்பன்ர வீம்பு எண்டதையும்?"

"ஓம். சொன்னதெல்லாம் எழுது."

அவள் எழுதினாள். எழுதி முடித்து, சட்டைப் பையிலிருந்து பம்பை எடுத்து, பின்பக்கம் மேலே தெரியும்படி குறிப்புப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"செப்டம்பரில இருந்து நானும் உடைச்சுத்தான் எடுக்கிறன் அப்பா. நாலு தரம் இழுக்க வேண்டியதை ஒரு தரம். செவ்வாய்க்கிழமை யூனிப் படியில மூச்சு நிண்டுபோய் இருந்தனான். உங்களுக்குச் சொல்லேல்லை."

குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கஜலக்சுமி ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றார். ஜெகதீஸ்வரன் பம்பைக் கையில் எடுத்தார். அந்தச் சின்ன இலக்கத்தைக் கண்ணாடி இல்லாமலே பார்த்தார். பிறகு அலுமாரிக்குப் பக்கத்து மேசையில் ஐந்து நாளாகக் கிடந்த தாளைப் பார்த்தார். அவருக்கு யாரும் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கு முன் யாழ்ப்பாணத்து மேசனைத் திட்டிய வாய் அவருடைய வாய்தான்.

"என்ன தாள் அது?" என்று கேட்டார் தவராஜா.

சரணியா சொன்னாள். கழிவு, பிராஞ்சீஸ், குடியுரிமைப் பயம், பழைய பேப்பர்க் கட்டு எல்லாம் சொன்னாள். தவராஜா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் செருமினார்.

"ஜெகன், அந்தக் கழிவை நான் பதினைஞ்சு வருசமா எடுக்கிறன்."

"நீங்களோ?"

"ஓம். சுவிஸ் பாஸ்போட் எடுக்கிறதுக்கு முதலும் எடுத்தனான், பிறகும் எடுத்தனான். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பரமேஸ்வரியும் எடுக்கிறா எண்டுதான் நினைக்கிறன்."

"பதினைஞ்சு வருசம். கிழமைக்கு ரெண்டு தரம் என்னோட போன்ல கதைக்கிறியள். ஏனண்ணை ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

தவராஜா கீழே பார்த்தார். "தலைவர் சோசல் எடுக்கிறார் எண்டு நீ நினைப்பாய் எண்டு பயந்தனான்."

இப்படித்தான் எங்கள் ஆட்கள். தெரிந்தவர் வெட்கத்தில் சொல்ல மாட்டார், தெரியாதவர் வெட்கத்தில் கேட்க மாட்டார். நடுவில் பிள்ளைகள் மருந்தை மிச்சம் பிடிப்பார்கள். யாழ்ப்பாணத்துப் பையனுடைய குளிசைக்கு இங்கே கூட்டம் போடத் தெரிந்த வீட்டில், பக்கத்து அறையில் படுக்கும் பிள்ளையின் பம்புக்கு ஒரு கையெழுத்துக் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

கஜலக்சுமி அந்தத் தாளை எடுத்துவந்து கணவருக்கு முன் வைத்தார். பேனாவையும் வைத்தார். "இஞ்சேருங்கோ, வையுங்கோ," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஜெகதீஸ்வரன் கையெழுத்து வைத்தார்.

"நாளைக்கு நான் லீவு போட்டிட்டு வாறன் பிள்ளை," என்றார். "அந்த அம்மாவின்ர மேசைக்கு ரெண்டு பேருமாப் போவம். முதல்ல மருந்துக்கடைக்குப் போய் மருந்தை எடுப்பம்."

"நான் தனியப் போவன் அப்பா."

"தெரியும். நானும் வாறன்."

பிறகு அவர் கதிரையை இழுத்து மேசைக்குக் கிட்ட இருந்தார்.

"எழுது பிள்ளை. அடுத்த விடயம். பொருளாளர் ஜெகதீஸ்வரன், தன்ர வீட்டுக்கு வந்த காப்புறுதிக் கழிவு விண்ணப்பத்தை எறிஞ்சவர். அதால மகள் மூண்டு மாதமா மருந்தைக் குறைச்சு எடுத்தவள். அவர் தன்ர பிழையை ஒப்புக்கொள்ளுறார். அந்த மேசனைத் திட்டினதை வெட்டாத. அது ரெண்டு தகப்பனுக்கும் எண்டு எழுது. இனிமேல் சங்கத்தின்ர ஒவ்வொரு கூட்டத்திலயும், இஞ்ச படிக்கிற பிள்ளையளுக்கு என்ன உதவி எங்க கிடைக்கும் எண்டு சொல்ல வேணும். தலைவர் தன்ர பதினைஞ்சு வருசத்தைப் பற்றிக் கதைப்பார்."

தவராஜா இருமினார். "உதெல்லாம் எழுத வேணுமோ? ஜனவரியில மண்டபத்தில முன்னூறு பேருக்கு வாசிக்கிறது ஜெகன்."

"அதுக்குத்தான் அண்ணை எழுதச் சொல்லுறன். அந்த முன்னூறு பேரிலயும் எத்தினை பிள்ளையள் பம்பைப் பார்த்துப் பார்த்து இழுக்குதோ ஆருக்குத் தெரியும்?"

சரணியா எழுதிக்கொண்டே வந்தாள். மாலைக்குரிய மருந்து நேரம் ஆகியிருந்தது. ஜெகதீஸ்வரன் பம்பை அவள் பக்கம் தள்ளினார். அவள் ஒரு தரம் இழுத்து மூச்சை அடக்கி விட்டாள். பழக்கத்தில் மூடியைப் போடப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்தார்.

"மற்றதையும் இழு," என்றார். "இழுத்துப்போட்டு இதையும் கடைசியா எழுது. தேவைக்கு உதவி கேக்கிறதில ஒரு வெக்கமும் இல்லை. எங்கட மானத்துக்காகப் பிள்ளையை மருந்தில மிச்சம் பிடிக்க விட்டமே, அதுதான் வெக்கம்."